பெட்டிக்கு வெளியே ஒரு காது

மைக்செட் அண்ணனைப் போலப் பயந்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். லிப்டில் ஏற மாட்டார். ஏழாவது மாடியானாலும் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார். தெருநாய் தூங்கிக்கொண்டிருந்தால்கூட எதிர்ப்பக்கம் போய்விடுவார். வீட்டில் போன் அடித்தால் மனைவிதான் எடுக்க வேண்டும். அவரைப் பொறுத்தவரை போன் அடிப்பதே யாரோ போய்ச் சேர்ந்ததைச் சொல்லத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. கூட்டம், கச்சேரி, நாடகம், பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று அவர் ஒயர் இழுக்காத அரங்கம் கிடையாது. சிறுசு பெருசு எல்லாருக்கும் அவர் மைக்செட் அண்ணன்தான். "தலையில முடி போச்சு, காது மட்டும்தான் மிச்சம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பயம் சும்மா வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் படிக்கிற வயதில், ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அப்பா கூடத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் கண்ணாடி அதிருகிற குறட்டை. பக்கத்தில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகன், 'கொஞ்ச நேரம் நிறுத்தித் தொலைய மாட்டாரா' என்று மனசுக்குள் திட்டினார். குறட்டை நின்றது. அப்பாடா என்று பக்கத்தைப் புரட்டினார். டீயோடு எழுப்பப் போன அம்மா போட்ட கூச்சலில்தான் விஷயம் தெரிந்தது. நெஞ்சு நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற எந்தச் சத்தம் பட்டென்று நின்றாலும், அது பக்கத்து வீட்டு மிக்சியாகவே இருந்தாலும், எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

அப்போது தங்கை கைக்குழந்தை. வீட்டில் அவளைச் சின்னது என்பார்கள். முப்பது தாண்டிய பிறகும் அவள் சின்னதுதான். அம்மா வேலைக்குப் போக, சின்னதைத் தூக்கி வளர்த்தது அண்ணன்தான். வளர்த்தவருக்கு எதிலெல்லாம் பயமோ, அதையெல்லாம் தேடிப்போய்ச் செய்கிற பிள்ளையாக அவள் வளர்ந்ததை என்ன சொல்ல? மரம் ஏறினாள், மலை ஏறினாள், கடைசியில் மேடை ஏறினாள். அதுவும் கதை வசனம் உள்ள ஒழுங்கான மேடையா என்றால் இல்லை. நிகழ்த்துகலையாம். ஒருமுறை கண்ணாடி அறைக்குள் நாள் முழுக்க வாய் பேசாமல் நின்றாள், சனங்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நமக்குப் புரியவில்லை என்பதற்காக அது ஒன்றுமில்லை என்று ஆகிவிடுமா என்று தங்கைக்காக அண்ணன் எல்லாரிடமும் சண்டை போடுவார். அவருக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து புதிதாக ஒன்று செய்யப்போவதாகச் சொன்னாள். சாவைப் பற்றி. பெயர் 'வழியனுப்பு'.

அண்ணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "சாவப் பத்தின்னா யாராவது செத்துப்போற மாதிரி நடிச்சாப் போதாதா? உயிரோட இருக்கிறவ எதுக்குப் பெட்டிக்குள்ள போய்ப் படுக்கணும்? என்ன வேண்டுதல் இது?"

"நடிக்கிறதே இல்ல அண்ணி. அதான் இதுல விஷயமே."

அரங்கின் நடுவில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் அவள் படுத்துக்கொள்வாள். நெஞ்சில் ஒரு சின்ன மைக்கை ஒட்டி, அவளுடைய இதயத் துடிப்பைத் தரைக்கடியில் வைத்த ஸ்பீக்கர்களில் விடவேண்டும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது காதில் கேட்பதோடு உட்கார்ந்த இடத்திலும் அதிர வேண்டும். அவள் கையில் மூன்று சின்னப் புட்டிகள் இருக்கும். முதலில் திறப்பது குழந்தைப் பவுடர் வாசனை. அடுத்தது ஆஸ்பத்திரி மருந்து வாடை. கடைசியில் மழை பெய்த மண். தலைமாட்டில் உள்ள சின்ன விசிறி அந்த வாசனையைச் சபைக்குத் தள்ளும். மண் வாசனை வந்ததும் துடிப்பின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இல்லாமலே ஆக்கிவிட வேண்டும். சபை அந்த நிசப்தத்தில் இருக்கும். பிறகு மூடியைத் திறக்கலாம்.

"துடிப்பு நின்னு போயிடும்" என்றார் அண்ணன்.

"நிக்காதுண்ணா. வெளியில கேக்காது, அவ்வளவுதான். உன் ஹெட்போன்ல கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."

"என்னால ஆகாது. ஆள விடு."

"சரி, வேற ஆள வச்சுக்கிறேன்."

எவனோ ஒருவன் காதில் தன் தங்கையின் நெஞ்சு துடிப்பதா? அவன் பாட்டுக்கு நடுவில் போன் பார்த்துக்கொண்டு இருந்தால்? அதை நினைத்ததும் அவருக்கு இன்னும் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகவேண்டும். பேய்க்கு அண்ணனாகப் பிறந்தவர் மட்டும் என்ன செய்வார்? ஏறினார்.

நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் செருப்பையும் போனையும் வாசலில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வரவேண்டும். பேசக்கூடாது. மூடி திறக்கிறவரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. சின்னது வெள்ளைத் துணியில் வந்து, எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் படுப்பாள். மூடியைச் சாத்தி வெளியே இரண்டு கொக்கிகளை மாட்டுவது அண்ணன் வேலை. உள்ளேயிருந்து திறக்க வழி வைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார். "உள்ளேருந்து திறக்க முடிஞ்சா அதுக்குப் பேர் சாவா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். காற்றுக்குத் துளைகள் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு நாளும் துளை துளையாக விரல் வைத்துப் பார்ப்பார்.

முதல் சில நாட்கள் ஒரு குறையும் இல்லை. நெஞ்சு குதிரைக்குட்டி போல ஓடியது. அண்ணனும் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிவு செய்து வைத்துக்கொண்டார், எல்லா மைக்செட்காரர்களும் செய்கிற பழக்கம்தான்.

பிறகு ஒரு சாயங்காலம், மருந்து வாடை பரவிக்கொண்டிருக்கும்போது, துடிப்பு ஒன்று தவறியது. நடக்கிறவன் படியில்லாத இடத்தில் காலை வைத்த மாதிரி ஒரு வெற்றிடம். அதற்கடுத்த துடிப்பு தடாலென்று விழுந்தது. சபையில் யாரோ 'ஆ' என்றார்கள். அண்ணனுக்குத் தன் நெஞ்சே வாய்க்கு வந்துவிட்டது.

அடுத்த நாளே கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். இப்படிச் சிலருக்குத் தவறும், பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனாலும் அப்பா கதையைக் கேட்டால் விடக்கூடாது, இன்னும் ஒரு பரிசோதனை செய்துவிடலாம் என்றார். அதற்கு நாள் கொடுத்தார்கள். கடைசி நிகழ்ச்சிக்குப் பிறகுதான் அந்த நாள் வந்தது.

"நிறுத்திடு. பரிசோதனை முடிஞ்சப்புறம் பண்ணிக்கலாம்."

"டாக்டரே பயப்படல, நீ எதுக்குப் பயப்படுற?" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இங்க பாரு. உள்ள எனக்கு ஏதாவது ஒரு மாதிரி இருந்தா, மைக்கப் பிச்சி எடுத்துடுவேன். சத்தம் பட்டுனு நிக்கும். உடனே நீ வந்து திறந்துடு. போதுமா? நீ கேட்டுக்கிட்டுதான இருக்க."

அவர் தலையாட்டினார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவருக்கு நரகம். துடிப்பு தவறுகிற அந்த இடைவெளியில் அவரும் மூச்சை நிறுத்திக்கொள்வார். அடுத்தது விழுந்த பிறகுதான் விடுவார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "உங்க தங்கச்சிக்கு முன்னாடி நீங்க பெட்டில படுத்துடுவீங்க போலிருக்கே" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். இதில் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே ஒரு கூட்டம். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் அந்தத் தடுமாற்றத்தைத்தான் புகழ்வார்கள். "நடுநடுவுல ஒரு துடிப்பு விடுது பாருங்க, என்னமா யோசிச்சிருக்காங்க!" என்று ஒரு கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையைத் திருகி முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கலாம். அண்ணனுக்கு அந்தத் தைரியமும் கிடையாது.

கடைசி நாள். அரங்கம் நிறைந்துவிட்டது. மைக்கை ஒட்டிச் சரிபார்க்கும்போதே நெஞ்சு சரியில்லை. தவறியது, ஓடியது, மறுபடி தவறியது. "கடைசி நாள் இல்லயா, அதான் படபடப்பு" என்றாள் சின்னது. உதட்டில் சிரிப்பு இருந்தது. அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

மேசைக்குத் திரும்பி உட்கார்ந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கெட்ட எண்ணத்தோடு வந்த யோசனையா என்றால், சத்தியமாக இல்லை. பயந்தவனுக்கு வருகிற யோசனை. நிகழ்ச்சி தொடங்கிய நாளின் பதிவு கையில் இருக்கிறது. குதிரைக்குட்டி போல ஓடிய அந்த நெஞ்சைச் சபைக்குப் போடலாம். உண்மையான துடிப்பைத் தான் மட்டும் ஹெட்போனில் கேட்டுக்கொள்ளலாம். உள்ளே சின்னதுக்கும் தரைவழியாக நல்ல துடிப்பு கேட்டால் படபடப்பு அடங்கும் அல்லவா? இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மூடியைச் சாத்திக் கொக்கி மாட்டினார். பதிவை ஓடவிட்டார்.

இரண்டு நெஞ்சுகள் ஓடின. காலடியில் ஒன்று, காதுக்குள் ஒன்று. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கீழே சீராக ஒன்று போய்க்கொண்டிருக்க, காதுக்குள் இருந்தது நொண்டியது, ஓடியது, நின்று நின்று வந்தது. அவருக்குத் தலை சுற்றியது, குமட்டியது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஆஹா, என்ன ஒரு நிம்மதி! தரை மட்டும் அதிர்ந்தது. தடங்கல் இல்லாத, இளமையான, கவலையே இல்லாத துடிப்பு. குழந்தைப் பவுடர் வாசனை வந்தது. கைக்குழந்தையாக அவளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்த நினைவு வந்தது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவருடைய தோள்கள் கீழே இறங்கின. ஒரு நிமிஷம் ஓடிப்போய் எத்தனையோ நிமிஷம் ஆகிவிட்டது. ஹெட்போன் கழுத்திலேயே கிடந்தது.

மருந்து வாடை வந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் இரண்டு தட்டு. பிறகு நாலைந்து, வேகமாக. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அண்ணனுக்குத் திக்கென்றது. ஆனால் சத்தம் நிற்கவில்லையே? நின்றால்தானே போகவேண்டும்? காலடியில் நெஞ்சு நன்றாகத்தானே துடிக்கிறது? இவள் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் கடைசி நாளில் புதிதாக எதையாவது சேர்ப்பாள் என்று எண்ணிக்கொண்டார். காலடியில் துடிப்பது இவளுடையது அல்ல, தான் போட்ட பதிவு என்பது அந்த நேரத்தில் அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. பயந்து பயந்து ஓய்ந்துபோனவனுக்கு நிம்மதி கிடைத்தால் அதை அவ்வளவு லேசில் விடுவானா?

தட்டுவது நின்றது.

இனி மண் வாசனை வரவேண்டும். அது வந்ததும் குறைக்க வேண்டும். பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு மூக்கை உயர்த்தினார். மருந்து வாடைதான் இருந்தது. காத்திருந்தார். மருந்து வாடையும் மெல்லக் கலைந்து, ஒரு வாசனையும் இல்லாத வெறும் காற்று முகத்தில் பட்டது. எல்லார் மூக்கும் காத்திருந்தது. தரை மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தார்.

ஒன்றும் இல்லை. துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, துணி உரசுகிற சத்தம்கூட இல்லை.

மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஒயர் தடுக்கி விழுந்து, முழங்கால் சிராய்த்து, எழுந்து ஓடினார். 'சின்னதே, சின்னதே' என்று கத்திக்கொண்டு போனது அவருக்கே தெரியாது. உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள், ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே! விரல் கொக்கியில் வழுக்கியது. ஒன்று கழன்றது, இன்னொன்று கழலவில்லை, காலால் உதைத்தார். மூடி திறந்தது.

சின்னது கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். முகத்தில் சொட்டு ரத்தமில்லை, உதடு நீலம் பூத்திருந்தது. விரல் முட்டிகள் தோல் உரிந்திருந்தன. ஒரு கையில் பிய்த்தெடுத்த மைக் இருந்தது, ஒட்டுப்பட்டையோடு. மண் வாசனைப் புட்டி திறக்காமல் கால்மாட்டில் உருண்டு கிடந்தது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. தரையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மைக் கையில் இருக்க, அவளுடைய நெஞ்சு அரங்கம் முழுக்கத் திடுதிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உசிரு இருக்கு! யாராவது ஆம்புலன்சக் கூப்பிடுங்க! ஐயா, கூப்பிடுங்கய்யா!"

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அது பரவியது. பாவிகள், கைதட்டினார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் மட்டும் எழுந்தாள். "உட்காருங்க" என்று யாரோ அதட்டினார்கள். "போடா அந்தண்டை" என்று சொல்லிவிட்டு, வாசலில் கொடுத்திருந்த போனுக்காக அவள் வெறுங்காலோடு ஓடினாள். வண்டி வந்து, ஆட்கள் வந்து, தூக்கிக்கொண்டு போகிறவரை அந்தப் பதிவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

பிழைத்துவிட்டாள். நெஞ்சு தாறுமாறாக ஓடி, மயக்கம் தட்டுகிற வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். தோளுக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைத்துவிட்டால் இனி பயமில்லை என்றார். பயமில்லை என்ற சொல்லைக் கேட்டதும் மைக்செட் அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவி அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள். நடந்ததை அவளிடம் சொன்னார். எப்போதும் ஏதாவது சொல்லி மடக்குகிறவள் அன்றைக்கு அவர் முதுகில் கையை மட்டும் வைத்தாள்.

சின்னது ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையில், கஞ்சி கொடுத்துவிட்டு அண்ணி பாத்திரம் கழுவப் போயிருந்தபோது, மேலே பார்த்தபடியே பேசினாள்.

"மைக்கப் பிச்சுட்டேன்ணா."

"தெரியும்."

"பிச்சுட்டு, இப்ப நிக்கும், இப்ப நீ வருவேன்னு இருந்தேன். நிக்கல. என் நெஞ்சு பாட்டுக்கு வெளியில அடிச்சுக்கிட்டே இருக்கு. மைக்கு என் கையில இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "தட்டினேன். யாரும் வரல. அது மட்டும் ஓடுது. சரி, நான் செத்துட்டேன்னு நினைச்சேன். செத்தா இப்படித்தான் இருக்கும் போல, நாம உள்ள, நம்ம உசிரு வெளியில, எல்லாரும் அதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு."

"பயந்துட்டேன்மா. கேக்க முடியல என்னால. அதான், பழைய பதிவப் போட்டுட்டு..."

"நான் மட்டும் பயப்படலயா? முதல் நாள்ல இருந்து பயம்தான். நீ கேக்குறேன்ற ஒரே தைரியத்துலதான உள்ள படுத்தேன்."

நர்ஸ் உள்ளே வந்து, கட்டிலின் தலைமாட்டில் இருந்த கருவியைப் பார்த்தாள். துடிப்புக்கு ஒரு 'பீப்' என்று அது கூவிக்கொண்டிருந்தது. ஒழுங்காக, ஒன்றுகூடத் தவறாமல்.

"நல்லா இருக்கு" என்றாள் நர்ஸ். "கேக்குதா பாருங்க, எவ்வளவு சீரா போகுது."

சின்னது கருவியையும் பார்க்கவில்லை, நர்ஸையும் பார்க்கவில்லை. முதன்முறையாக அண்ணன் பக்கம் திரும்பினாள். சின்ன வயதில் இருட்டைக் கண்டு பயந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"இது இப்ப ஓடுறதா? இல்ல நேத்து எடுத்ததா?"

"இப்ப ஓடுறதுதாம்மா" என்றார். "சத்தியமா. இப்ப ஓடுறது."

அவள் தலையாட்டினாள். பிறகு மெல்ல வலது கையைத் தூக்கி, ஊசி குத்தியிருந்த இடது மணிக்கட்டைத் தடவி, நாடி இருக்கிற இடத்தைத் தேடிப்பிடித்து, இரண்டு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு தானே பார்க்கத் தொடங்கினாள்.